பன்னிரண்டாம் வகுப்புக்கு இடமில்லை

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை இருபத்திரண்டு வருடங்களாக ஓட்டுகிறவள் மார்லிஸ் குசேரா. அடங்கிப்போகத் தெரியாதவள். ஒரு வருடம் வெள்ளம் வந்தபோது, ஓடைப் பாலத்தைத் தாண்டிப் போகலாம் என்று பள்ளி அதிகாரி ரேடியோவில் சொன்னார். இவள் வண்டியைத் திருப்பி, இருபது மைல் சுற்றிப் பிள்ளைகளை வீடு சேர்த்தாள். எழுத்தில் கண்டனம் வந்தது. பாலம் இன்றுவரை குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. அதைச் சொல்லிக் காட்டினால், "விழுந்திருந்தா?" என்று திருப்பிக் கேட்பாள்.

அவள் போட்ட சண்டைகளில் பாதி வெறும் வீம்பு என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். மகன் நோலனுக்காகப் போட்டதையும் அதே கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நடந்தது முழுக்கத் தெரியாது.

மார்ச் மாதத்தில் பேஸ்பால் அணிக்கு மூன்று நாள் ஆள் தேர்வு நடக்கும். வெள்ளிக்கிழமை பள்ளி விடுகிற நேரத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக் கதவில் பெயர்ப் பட்டியலை ஒட்டுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை மார்லிஸ் வழக்கம்போல வாசலில் பேருந்தை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். நோலன் படியில் ஒரு காலை வைத்து நின்றான். சொந்தமாகப் பழைய டிரக் வைத்திருக்கிறவன் பேருந்துப் பக்கம் வருவதே இல்லை. அவன் முகத்தைப் பார்த்ததுமே அவள் என்ஜினை அணைத்தாள்.

"என் பேரு இல்லம்மா."

"சரியாப் பாத்தியா?"

"மூணு தடவை பாத்தேன். பன்னெண்டாவதுல மூணு பேரைக் கழிச்சு விட்டுட்டாங்க. மேனேஜரா இருக்கியான்னு கோச் கேட்டாரு. ஜாக்கெட் தருவாங்களாம்."

"என்ன வேலையாம்?"

"தண்ணி கொடுக்கறது. பேட்டை அடுக்கி வைக்கறது."

அவள் பதில் சொல்வதற்குள் சின்னப் பிள்ளைகள் அவனை இடித்துக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார்கள். அன்றைக்கு முப்பத்தெட்டுப் பேரை இறக்கிவிட்டாள். அவளுடைய பின்கழுத்தைப் பார்த்தே ஒரு வாண்டுகூட வாயைத் திறக்கவில்லை.

நோலன் பெரிய ஆட்டக்காரன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவனைப் பெற்றவள் உட்பட. இடது ஓரத்தில் நின்று வருகிற பந்தைத் தவறவிடாமல் பிடிப்பான், நான்கு முறை மட்டையைச் சுழற்றினால் ஒரு முறை அடிப்பான், அவ்வளவுதான். ஆனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மூன்று வருடம் இரண்டாம் அணியில் ஆடியவன். மழை வந்தால் மைதானத்துக்குத் தார்ப்பாய் இழுத்துப் போட்டவன், ஆட்டம் முடிந்ததும் மண்ணை வாரிச் சமப்படுத்தியவன். பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டால் இரண்டாம் அணியில் ஆடக்கூடாது. முதல் அணி, இல்லையென்றால் வீடு. இரண்டு பேர் சரிசமமாக இருந்தால் சின்னவனை வைத்துக்கொண்டு பெரியவனை அனுப்பிவிடுவார்கள். மூன்று வருடம் கறிவேப்பிலையாக மணத்துவிட்டு, சாப்பிடுகிற நேரத்தில் ஓரமாக ஒதுங்கு என்றால் எவனுக்குத்தான் எரியாது?

வீட்டில் அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அடுப்படியில் நின்றபடியே, டெரிக் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். டெரிக் ஸ்டெஃபன்ஸ்தான் கோச். அவள் கணவன் லியோன் தட்டில் இருந்த கோலாச்சேவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். அந்த இனிப்பு ரொட்டி வாயில் இருக்கிறவரை கருத்துச் சொல்ல வேண்டியதில்லை என்பது அவன் கண்டுபிடிப்பு.

நோலன்தான் குறுக்கே நின்றான். "நீ போய் அழுது புரண்டு எனக்கு ஒரு இடம் வாங்கிட்டு வந்தேன்னா, அந்த மைதானப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டேன். சத்தியம் பண்ணு."

"நியாயம் கேக்கலாமில்ல?"

"நியாயம் கேளு. இடம் கேக்காத."

அவள் சத்தியம் செய்தாள்.

திங்கட்கிழமை காலை, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு டெரிக்கின் அறைக்குப் போனாள். அவன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். ஏழாம் வகுப்பில் அவள் பேருந்தில் வாந்தி எடுத்தவன் அவன். இன்றைக்கு ஊருக்கே கோச்சாக இருக்கலாம், அவளிடம் அந்த மரியாதை இன்னும் போகவில்லை.

"நோலன் தங்கமான பையன், மார்லிஸ். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"தங்கத்தைத்தான் வெளிய எறிஞ்சியா?"

"அவனும் ஒன்பதாம் வகுப்புலேர்ந்து நான் எடுத்த பையனும் ஆட்டத்துல சமம். அந்தச் சின்னவனுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. நோலனுக்கு இருக்கறது மூணு மாசம். நான் அடுத்த வருஷத்தையும் பாக்கணும் இல்லையா?"

"மூணு மாசம் இருக்கறவனுக்குத்தானே டெரிக் அவசரம்? மத்தவனுக்கு அடுத்த வருஷமும் இருக்கே."

டெரிக் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். கெட்டவன் இல்லை, ஜெயிக்க வேண்டியவன். நான்கு வருடமாக மாவட்டப் போட்டியில் மூக்குடைபட்டு வந்திருக்கிறான், ஊர் அதைச் சும்மா விடவில்லை.

"சரி, அதை விடு. கடைசி வருஷம் இப்படி ஆகும்னு ஒன்பதாவதுலயே பசங்ககிட்ட சொன்னியா?"

"அதைச் சொன்னா எவன் வருவான்?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. மேசையில் இருந்த பந்தை எடுத்து உருட்டத் தொடங்கினான். மார்லிஸ் எழுந்துவிட்டாள். "நான் கேக்க வந்தது இதைத்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பள்ளி வாரியம் வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு நூலகத்தில் கூடியது. ஊரார் யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம், மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும். முன்வரிசையில் டெரிக் இருந்தான். கடைசி வரிசையில் கதவோரம் நோலன், கூடவே நீக்கப்பட்ட மற்ற இரண்டு பையன்கள்.

மார்லிஸ் காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை.

"அந்த விதியே அநியாயம்ங்கறதுதான் என் கட்சி. அதைப் பேச மூணு நிமிஷம் பத்தாது, விட்டுடறேன். என் பையனைச் சேத்துக்கோங்கன்னும் கேக்க வரல. ஒன்பதாவதுல பசங்க கையில ஒரு தாள் கொடுக்கறீங்களே, ஷூ வாங்கு, பல்லுக்குக் காப்பு வாங்குன்னு, அதுல ஒரு வரி சேருங்க. பன்னெண்டாவதுல முதல் அணியில இடம் கிடைக்கலேன்னா வீட்டுக்குத்தான் போகணும், ரெண்டு பேர் சமமா இருந்தா சின்னவனைத்தான் எடுப்போம்னு பச்சையா எழுதுங்க. படிச்சுட்டு அப்பா அம்மா கையெழுத்துப் போடட்டும். தெரிஞ்சு வர்றவன் வரட்டும். இவங்க மூணு பேரும் தெரியாம வந்தவங்க."

அறையில் முணுமுணுப்பு எழுந்தது. வாரியத் தலைவர் யூஜின் வோஸ் பழுத்த ஆள், தீயை எப்படி அணைப்பது என்று தெரிந்தவர். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"டெரிக், அணிச் சட்டை ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."

"அப்ப நோலனுக்குக் கொடுத்துடுங்க. நல்ல குடும்பம். என்ன மார்லிஸ், இதோட முடிச்சுக்கலாமா?"

அவளுக்கு அது வேண்டியிருந்தது. பொய் சொல்லிப் பயனில்லை, அந்தச் சட்டை அவளுக்கு உயிர்போகிற மாதிரி வேண்டியிருந்தது. மூன்று வருடம் வெளியூர் மைதானங்களில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இரண்டாம் அணியின் ஆட்டத்தைப் பார்த்தவள். முதல் அணியின் பெயர் போட்ட சட்டையோடு அவன் ஒரே ஒரு நாள் தன் பேருந்தில் ஏறிவிட்டால் போதும் என்று நினைத்தவள். தலையை ஒருமுறை அசைத்திருந்தால் முடிந்திருக்கும்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் கதவோரம் திரும்பாமல் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு சட்டைதானா? வெளிய போனது மூணு பேரு."

"எல்லாருக்கும் கொடுக்க முடியாது மார்லிஸ். உனக்கே தெரியும்."

"அப்ப எங்களுக்கும் வேண்டாம் யூஜின். என் வாயை அடைக்கத் தர்ற சட்டையை என் பையன் போட மாட்டான். வரியைப் போடுங்க."

மணி அடித்தது. அவள் உட்காரவில்லை. வாரியம் ஓட்டெடுத்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள், யாரும் உட்காரச் சொல்லவும் துணியவில்லை. நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த வரி நிறைவேறியது. அடுத்த வருடத் தாளிலிருந்து அச்சாகும்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. காற்று காதை அறுத்தது. நோலன் டிரக் வரைக்கும் அவளோடு நடந்துவந்தான். சாவியை எடுத்தான், கதவைத் திறக்கவில்லை.

"அம்மா."

"ம்."

"அந்தச் சட்டைய நான் வாங்கியிருப்பேன். அன்னைக்கு வீராப்பாப் பேசினேன். தலைவரு கேட்டப்ப எனக்கு வேணும்னுதான் இருந்துச்சு."

மார்லிஸ் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"தெரியும்டா. அதான் உன் பக்கம் திரும்பல."