காகம் நின்ற மேசை

இந்நிகழ்ச்சியை அப்பா சொல்லும்போது கடல் கொந்தளிக்கும்; அம்மா சொல்லும்போது கேக் பெரிதாகும். ஆண்டுதோறும் வளர்ந்துவரும் அவ்விரு கதைகளையும் விலக்கி, நான் கண்டவற்றையும், காணாதவற்றில் இருவரும் ஒத்துச் சொன்னவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். ஒருவரின் வாழ்க்கை இதில் அடங்கியிருப்பதால், அழகுக்காக ஒரு காகத்தைக்கூட நான் சேர்க்கவில்லை. பின்னால் வரும் காகம் உண்மையான காகம்.

அப்போது எனக்கு எட்டு வயது. கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அப்பா, அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, நான் என நால்வர் இருந்தோம். கடலோரக் காலிமுகத்திடல் எங்களுக்குப் புதிதன்று. புல்வெளியில் பட்டம் விட்டு, இறால் வடை தின்று, திடலின் கோடியில் நிற்கும் வெள்ளைக்காரர் காலத்து ஹோட்டலை வெளியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவோம். அதன் வாசலில் விறைப்பாக நிற்கும் காவலரை நெடுங்காலம் நான் ஓர் அரசர் என்றே எண்ணியிருந்தேன். ஆகவே ஒரு ஞாயிறன்று அப்பா, "இண்டைக்கு உள்ள போய்த் தேத்தண்ணி குடிப்பம்" என்றதும் கட்டிலில் ஏறிக் குதித்தேன்.

காரணத்தை எனக்கு எவரும் சொல்லவில்லை. லண்டனிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை ஒருவர் சித்தியைப் பார்க்கவேண்டியிருந்தது. கொழும்பில் எங்கள் ஆட்கள் பலர் வீட்டில் வைத்துப் பெண் பார்ப்பதில்லை. இரு குடும்பங்களும் கோயிலிலோ கடற்கரையிலோ தற்செயலாகச் சந்திக்கும். பிடித்தால் பேச்சுத் தொடரும். பிடிக்காவிட்டால், எவரும் எவரையும் வேண்டாமென்று சொன்னதாகாது. சித்தியை அவ்வாறு தற்செயலாகச் சந்தித்த இரு குடும்பங்கள் பின்னர் மறுமொழியே தரவில்லை. இதுவும் தவறினால் தன்னால் இயலாது என்று தரகர் கைவிரித்திருந்தார்.

"அங்கை பல்லைக் காட்டிச் சிரிக்காதை" என்று அம்மா சித்தியிடம் சொன்னார். எனக்கு இடப்பட்ட கட்டளை இன்னும் சுருக்கமானது: "வாய் திறக்கப்படாது."

காவலர் எனக்குக் கதவைத் திறந்து தலை குனிந்தார். அரசரே வணங்கியபின் வாயை மூடிக்கொண்டு நடப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்று அறிந்தேன். உயர்ந்த தூண்கள், பளபளக்கும் மரப்படிகள், அவற்றைக் கடந்ததும் கடல். அலை சுவரில் மோதித் தெறித்த துளி என் கன்னத்தில் பட்டது. மூன்று தட்டு அடுக்கில் கேக் வந்தபோது, நாங்கள் பணக்காரர் ஆகிவிட்டோம் என்றும் அதை எனக்கு அறிவிக்க மறந்துவிட்டார்கள் என்றும் முடிவு செய்தேன்.

நாங்கள் அமர்ந்த கடலோர முற்றத்தில் வேறு தமிழ்க் குடும்பங்கள் இரண்டு இருந்தன. சுவரோரத்தில் கோட் அணிந்த இளைஞர் ஒருவர் தாய் தந்தையருடன் எதையும் உண்ணாமல் அமர்ந்திருந்தார். தூணருகே கோடுபோட்ட சட்டைக்காரர் ஒருவர் தம் தாயாருடன் இருந்தார். அவருடைய கேக்கைத் தூக்க ஒரு காகம் மேசைமேல் வந்து நின்றது.

"போ! போ எண்டுறன்!" என்றார் அவர். காகம் அசையவில்லை. "அம்மா, இது கோட்டைக் காகம். சிங்களத்திலதான் சொல்லோணும். ஏய், யன்ன!"

காகம் கேக்கோடு பறந்தது. "பாத்தியளே, விளங்கிட்டுது!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சித்தியும் சிரித்தார், பல் தெரிய.

மாப்பிள்ளையின் படம் சித்தியின் கைபேசியில் மட்டுமே இருந்தது. வயது கூட்டிக் காட்டும் என்று அம்மா சொன்னதால் அப்பா கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்தார். அம்மாவோ இரு மேசைகளுக்கும் முதுகு காட்டி அமர்ந்திருந்தார். திரும்பிப் பார்ப்பது தற்செயலுக்குப் பொருந்தாது.

"பிள்ளை, எனக்கு மங்கலாத் தெரியுது. ஆர் அவை?" என்று அப்பா கிசுகிசுத்தார்.

சித்தி சுவரோரம் பார்த்தார். பிறகு தூணருகே பார்த்தார்.

"காகம் நிண்ட மேசை, அத்தான்."

அப்பா எழுந்து போனார். "அட, நீங்களும் இங்கையோ!"

முகம் நினைவில்லை என்று சொல்வது எங்களிடையே மரியாதையன்று. சட்டைக்காரரின் தாயார் ஒரு கணம் விழித்துவிட்டு, "ஓமோம், வாங்கோ, இருங்கோ! எவ்வளவு காலம்!" என்றார். மேசைகள் ஒன்றாயின. ஊர் கேட்டார்கள், கரவெட்டி என்றதும் உறவுமுறை ஒன்று அகப்பட்டது. அந்தத் தாயாரின் பிறந்தநாளாம்; வெட்டிய கேக்கில் எனக்கும் பங்கு கிடைத்தது.

"லண்டனில இப்ப நல்ல குளிரோ, தம்பி?" என்றார் அப்பா.

"தெரியேல்லை அங்கிள். நான் இங்கை கொட்டாஞ்சேனை. துறைமுகத்தில வேலை. பக்கத்தில இருக்கிற ஹெந்தளைக்கு அங்கால போனதே குறைவு."

அப்பாவின் கோப்பை பாதி வழியில் நின்றது. அம்மா முதல்முறையாகச் சுவரோர மேசையைத் திரும்பிப் பார்த்தார். சுவரோரத்தில் கோட் அணிந்தவரும் பெற்றோரும் எழுந்தனர். எங்களைக் கடந்து செல்கையில் அந்தத் தந்தையார் அப்பாவை நீளப் பார்த்தார். தற்செயலாக வந்தவர் ஆகையால் அவராலும் எதுவும் கேட்கமுடியவில்லை.

"அத்தான், இன்னொரு தேத்தண்ணி சொல்லுவமே?" என்றார் சித்தி.

பேருந்தில் அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள். கேக் அதிகம் தின்று அவர்களுக்கு வயிறு நோகிறதென்று எண்ணினேன். "அடுத்த ஞாயிறும் வருவமோ?" என்று கேட்டேன்.

"வருவம்" என்றார் சித்தி.

தரகர் அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சில வாரங்கள் கழித்துக் கொட்டாஞ்சேனைக்காரர் தம் தாயாருடன் வந்து எங்கள் மணியை அழுத்தினார், தற்செயலாக அல்ல. இன்று அவர் என் சித்தப்பா. தம் வீட்டு மாடிக்கு வரும் காகங்களோடு இரு மொழிகளிலும் வாதிடுகிறார்.

சித்தி அன்று ஆளை மாற்றிப் பார்த்துவிட்டாரா, அறிந்தே சொன்னாரா? கேட்டிருக்கிறேன். "வெயில் கண்ணுக்குள்ள அடிச்சது" என்பார்.

எங்கள் மேசை நிழலில் இருந்தது. அதற்குமேல் எனக்குத் தெரியாது.