பொழுது பார்க்கிற வேலை

எங்கள் பாம்பன் வீட்டுப் பனையோலைக் கூரையில் ஓட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. வெயில் ஏறினால் மணல் தரை முழுக்க வட்ட வட்டமாக வெளிச்சம் விழும். அந்த வெளிச்சமும் கருவாட்டு வாடையும்தான் எனக்கு வீடு...

ஐம்பதுகளில், மதுரையில் பிஸிக்ஸ் படித்து முடித்த கையோடு, மலைமேல் சூரியனை ஆராயும் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தலைகால் புரியாத சந்தோஷம். எங்கள் பக்கம் சூரியனுக்குப் பேரே பொழுதுதான். அய்யாவுக்குப் புரியட்டும் என்று அப்படியே சொன்னேன்.

"அய்யா, பொழுதப் பாக்குற வேல கெடச்சிருக்கு."

அவர் முகம் கறுத்துவிட்டது.

"நாளு பொழுது பாக்குற சோசியக்காரி சோலியா? நம்ம வேதக்காரவுக தாயி. மாதா கோயில் சாமியார் மொகத்துல எப்பிடி முழிப்பேன்? போகக் கூடாது."

ஒரே ஒரு சொல் காலை வாரிவிட்டது. சோதிடம் இல்லை, சூரியன்தான் என்று தொண்டை வற்றச் சொன்னேன். எடுபடவில்லை. படித்ததெல்லாம் வீணா என்று அழுதுகொண்டே கிடந்தேன்.

அந்த வாரமே கிரகணம் வந்தது... ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாடப் போகிறவர்களால் ரயிலில் நிற்க இடமில்லை. நான் அய்யாவைப் பிடித்து வீட்டுக்குள் உட்கார வைத்தேன்.

"மேல பாக்காதீக. தரையப் பாருங்க."

வட்டங்கள் ஓரத்தில் தேய்ந்தன. கொஞ்ச நேரத்தில் தரை முழுக்கப் பிறைகள்... ஒவ்வோர் ஓட்டையும் ஒரு சூரியனை இறக்கி வைத்திருந்தது. அய்யா உள்ளங்கையை நீட்டி ஒரு பிறையை ஏந்திக்கொண்டார்.

"இதத்தான் பாக்கப் போறியா?"

"ஆமாய்யா. இதுல கரும்புள்ளி இருக்கு, தீ கெளம்புது. அதெல்லாம் பாக்கணும்."

"கெரகணத்தப் பஞ்சாங்கக்காரருந்தான் சொல்றாரு. சரி, ஒனக்கு எப்பக் கல்யாணம் ஆகும்? சொல்லு பாப்போம்."

"அது எனக்குத் தெரியாதுய்யா."

அய்யா சிரித்துவிட்டார்.

"தெரியாதுன்னு சொல்றவ சோசியக்காரியா இருக்க முடியாது. போயிட்டு வா."

போனேன். பொம்பளைக்கு எதற்கு டெலஸ்கோப் என்று அங்கே முணுமுணுத்தவர்கள், பிற்பாடு என் கீழேயே வேலை பார்த்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன். அறுபதுகளில் டாக்டர் பட்டம் வாங்கி ஊருக்குப் போனபோது, மாதா கோயில் வாசலில் அய்யா எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொழுது எங்க போனாலும் எம் மககிட்டச் சொல்லிட்டுத்தான் போகும்."

இன்று விண்கலம் சூரியனுக்குப் பக்கத்திலேயே போய்விட்டது. என் மாணவிகள் வீட்டில் படுத்துக்கொண்டே கைபேசியில் சூரியனைப் பார்க்கிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது...

ஆனால் இப்படித் தம்பட்டம் அடிக்க அவர்களுக்கு என் அய்யா இல்லையே.