வேப்பிலை கட்டிய சாக்குத் தட்டி

போன சனிக்கிழமை மாத்தளை டவுனில் ஒரு கடையில் மறைப்புத் தட்டி பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுப் பின்முற்றத்தில் வைப்பதற்கு. இதற்கென்றே இப்போது எத்தனை வகை வந்திருக்கிறது தெரியுமா? மடக்கி விரிக்கிற மூங்கில் தட்டி, சில்லு பூட்டி இழுத்துக்கொண்டு போகிற இரும்புச் சட்டத்தில் துணி, பிளாஸ்டிக் இலைகளைப் பின்னிய பச்சை மறைப்பு. கடைசியில் சொன்னதில் இருப்பது எந்த மரத்து இலை என்று அதைச் செய்தவனுக்கே தெரிந்திருக்காது.

எனக்கு எதற்கு மறைப்பு என்று கேட்பீர்கள். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பக்கத்து மாடியில் ஒரு கேமரா பூட்டியிருக்கிறார்கள். கள்ளனைப் பிடிக்கவாம். அது பார்ப்பதோ என் கொடியையும் என் நாற்காலியையும். கள்ளன் வருகிறானோ இல்லையோ, காலையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து நான் விடும் கொட்டாவி ஒவ்வொன்றும் அங்கே பதிவாகிக்கொண்டிருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவளின் கொட்டாவிக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

"மிஸ், யாருகிட்டருந்து மறைக்கணும்? அதச் சொன்னீங்கன்னா சரியானதா எடுத்துத் தருவேன்" என்றார் கடைக்காரர்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஒரு மூங்கில் தட்டியைச் சுற்றியிருந்த சாக்கை உருவினார். பழைய கோதுமை மாச் சாக்கு. அந்தப் புளித்த மா வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் கடையில் இல்லை. எல்கடுவ தேயிலை மலையில், எங்கள் லயத்தின் பின்பக்கத்தில், பதினெட்டு வயதில், புவியியல் கொப்பியோடு உட்கார்ந்திருந்தேன்.

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு. எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை, ஒரே வரிசை. முதல் காம்பராவில் தும்மினால் பத்தாவது காம்பராவிலிருந்து "நூறு வயசு" என்று வாழ்த்து வரும். அம்மாவும் அப்பாவும் கைநாட்டு வைப்பவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் மாணவியாக நுழைந்த முதல் ஆள் நான். உயர்தரம் வரைக்கும் போனதும் நான்தான். இதை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வேன் என்று என் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

உயர்தரப் பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. காம்பராவுக்குள் வெளிச்சம் இல்லை. முன்பக்க இஸ்தோப்புத் திண்ணை பொதுப்பாதை மாதிரி. மிச்சம் இருந்தது பின்பக்கத்து வெட்டவெளி. அங்கே மேசையைப் போட்டு உட்கார்ந்தால் லயமே வந்து நின்று பார்க்கும். பொறாமை எல்லாம் இல்லை. கோயிலில் சோடித்து வைத்த தேரைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை. அதிலும் அடுத்த காம்பரா பாக்கியம் அக்கா, பாடுகிற ரேடியோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டே வருவார்.

"இப்ப என்னா படிக்கிற?"

"பருவக்காத்து, அக்கா."

"அதுக்கு எதுக்குடி படிப்பு? வெளிய வந்து நின்னா மேலுலயே படுது."

இந்தப் பருவக்காற்றை நான் பரீட்சையில் கோட்டைவிட்டால் மறுநாளே கொழுந்துக்கூடைதான். அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் மறைப்புக் கட்டுவது என்று முடிவானது.

முதலில் அம்மாவின் பழைய வொயில் சேலை. பின்னேர வெயில் பின்னாலிருந்து அடித்ததும் என் நிழல் சேலையில் விழுந்தது. லயத்துப் பிள்ளைகள் வரிசையாகக் குந்திவிட்டார்கள். நான் தலையைச் சொறிந்தால் கைதட்டல். பேனாவைக் கடித்தால் விசில். நாற்காலியில் குளவி ஏறியபோது நான் ஆடிய ஆட்டத்தை மறுபடி ஆடிக் காட்டச் சொல்லி இரண்டு நாள் கெஞ்சினார்கள்.

இரண்டாவது, ஒரு தேர்தல் பேனர். தேர்தல் முடிந்து மரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை அப்பா கழற்றி வந்தார். வேட்பாளர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார், என் உயரத்துக்கு முகம். அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி கட்டியது அப்பாவின் யோசனை. இரண்டாம் நாளே கீழ் லயத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, முகத்துக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் காம்பராவின் கூரை எங்கெங்கே ஒழுகுகிறது என்று விளக்கத் தொடங்கினார். இரண்டு தகரம் கிடைத்தால் போதுமாம். நான் மூச்சுக் காட்டாமல் இருந்தேன். அவர் போவதாக இல்லை. கடைசியில் உள்ளே இருந்தபடியே குரலைத் தடிப்பாக்கி, "கவனிக்கிறோம்" என்றேன். திருப்தியாகப் போனார். மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். பேனரைக் கழற்றிவிட்டோம்.

மூன்றாவதுதான் சாக்குத் தட்டி. ரொட்டிக் கடையில் வாங்கிய மாச் சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியால் தைத்து, இரண்டு மூங்கிலில் இழுத்துக் கட்டினார் அப்பா. மூங்கிலின் காலுக்கு இரண்டு பெயின்ட் தகரம், தகரம் நிறையக் கல். தூக்கி வைக்கலாம், வெயில் நகர நகர நானும் தட்டியோடு நகரலாம். நிழல் விழவில்லை, சிரிக்கும் முகமும் இல்லை. ஒரே குறை, சாக்கின் மடிப்பிலிருந்து மா வண்டுகள் இறங்கி கொப்பியில் ஊர்ந்தன.

அதற்கும் அப்பா வழி கண்டார். நாவுலயில் தோட்டம் செய்யும் சித்தப்பாவைப் பார்க்கப் போனவர், திரும்பும்போது பஸ்ஸில் ஒரு கட்டு வேப்பிலை கொண்டுவந்தார். எங்கள் மலையில் வேம்பு கிடையாது. அம்மா அதைக் கொத்துக் கொத்தாகத் தட்டியின் மேல்விளிம்பு நெடுகக் கட்டினார். வண்டு போய்விட்டது. மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்து, நல்ல வேலை என்று ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டோம்.

மூவரும் அதே மலையில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒரு வீட்டுப் பின்பக்கத்தில் தட்டி வைத்து வேப்பிலை கட்டினால் லயம் என்ன நினைக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, பாருங்கள்.

மறுநாள் காலை பாக்கியம் அக்கா ரேடியோவோடு மூலை திரும்பினார். தட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றார். ரேடியோவை அணைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரகசியக் குரலில் அம்மாவிடம் கேட்டார்.

"ஆத்தா எப்ப வந்தா?"

அம்மை கண்டால் மாரியம்மாள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பது எங்கள் வழக்கம். அவள் குளிர்ந்து போகிற வரைக்கும் அந்த லயத்தில் தாளிக்கக் கூடாது, மீன் கூடாது, சத்தம் கூடாது, அம்மை கண்டவளை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அம்மா வாயைத் திறந்தார். வானத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பதிலாக எடுத்துக்கொண்டு பாக்கியம் அக்கா பின்னோக்கியே நடந்து போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் லயத்தில் நான் முன்பு கேட்டேயிராத ஒரு சத்தம் கேட்டது. நாங்கள் குளிக்கிற பீலியில் மலைத் தண்ணீர் விழும் சத்தம். அது இருநூறு அடி தள்ளி இருந்தது. அவ்வளவு அமைதி.

"நான் போயி இல்லன்னு சொல்லிட்டு வந்துர்றேன்" என்று அம்மா கிளம்பினார். "ஆத்தா பேர்ல பொய்யி, கண்ணு அவிஞ்சி போயிரும்டி."

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். "நம்ம எங்கம்மா பொய் சொன்னோம்? நீங்க வானத்ததான பார்த்தீங்க? ஒரு பாடம் மட்டும் முடிச்சிக்கிறேன்மா."

ஒரு பாடம் முடிந்தது. பிறகு இன்னொன்று.

லயம் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டது. பத்து அடுப்பிலும் கடுகு வெடிக்கவில்லை. மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், வளைவிலேயே ஹார்னை நிறுத்தி, வண்டியை அணைத்து, எங்கள் லயத்தைத் தாண்டும் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். நான்காம் காம்பராவுக்கும் ஐந்தாம் காம்பராவுக்கும் ஒரு பழைய சண்டை உண்டு. அது அந்த நாட்களில் கிசுகிசுப்பாக நடந்தது. முற்றத்தின் நடுவில் இரண்டு பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையை நீட்டி நீட்டி, காற்றுக்கூடக் கேட்காத குரலில் ஒருவரையொருவர் ஏழு தலைமுறைக்குத் திட்டிக்கொண்டதைச் சாக்கின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். சத்தம் போட்டுத் திட்டினால் பயம் வராது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் வீட்டிலும் தாளிக்க முடியாதே. அப்பா தாளிக்காத பருப்பைப் பிசைந்துகொண்டு, "பரீட்ச இவளுக்கு, பத்தியம் எனக்கு" என்றார்.

அம்மாவுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. தினமும் என் முதுகைத் திருப்பிப் பார்ப்பார். ஒரு நாள் தோளில் ஒரு சிவப்புத் தடிப்பைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வந்துருச்சுங்க! நெசமாவே வந்துருச்சு!" என்று அப்பாவைக் கூப்பிட்டார். நுளம்பு கடித்தது. பெற்ற பிள்ளைக்கு அம்மை வரவில்லையே என்று ஒரு தாய் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

பதினோராம் நாள் பாக்கியம் அக்கா பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மஞ்சளும் டவுனிலிருந்து வரவழைத்த வேப்பிலையும் போட்ட தண்ணீர்ப் பானை இடுப்பில். தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். ஊற்றுவதற்கு நான் வெளியே வரவேண்டும். வந்தால் ஒரு பொட்டு வடுக்கூட இல்லாத முகத்தை லயம் முழுக்கப் பார்க்கும். பரீட்சைக்கோ இன்னும் ஐந்து நாள். "இன்னும் ரெண்டு நாளு..." என்று அம்மா இழுத்தார்.

அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து ஒரு காற்று இறங்கியது. பருவக்காற்று. நான் படித்துப் படித்து மனப்பாடம் செய்துவைத்த அதே தென்மேல். பெயின்ட் தகரங்கள் உருண்டன, தட்டி மல்லாக்க விழுந்தது.

கழுவிவைத்த பீங்கான் தட்டு மாதிரி முகத்தோடு நான் உட்கார்ந்திருந்தேன். மடியில் கொப்பி. பின்னால் சுவரில் ஒட்டிய உலகப் படம். எட்டுப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பதினொரு நாள் மீன் மணக்காத எட்டு வாய்கள். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாக்கியம் அக்கா பானையை இறக்கி வைத்தார். மெதுவாக வந்தார். என் முகத்தைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், உலகப் படத்தை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். பிறகு குனிந்து தட்டியைத் தூக்கினார்.

"என்னாங்கடி நின்னு பார்க்குறீங்க? காத்துல ஆத்தாவுக்குக் குளிரப் போவுது. அந்தக் கல்ல எடுத்துப் போடுங்க. தட்டிய நேராப் புடிங்க."

கீழே விழுந்த வேப்பிலைக் கொத்தை எடுத்து மறுபடி கட்டினார். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் கேட்டது. "பரீட்ச என்னைக்குடி முடியுது?"

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"அன்னைக்கே தண்ணி ஊத்திக்கலாம்" என்றார் அம்மாவிடம். "எந்திரி. சும்மா ஒக்காந்து அழுவாத."

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் நம்பவேண்டும். பரீட்சை நாட்களில் வெள்ளைச் சீருடையில் மாத்தளை பஸ்ஸுக்கு நான் நடந்து போனபோது, லயத்து ஆட்கள் ஒவ்வொருவராகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். நான்தான் தட்டிக்குப் பின்னால் இருக்கிறேனே. எட்டிப் பார்க்கக் கூடாத ஆள் பாதையில் நடந்தால் லயம் வேறென்னதான் செய்யும்? பத்துக் காம்பராவும் முதுகைக் காட்டி நிற்க, நடுவில் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகாராணி மாதிரி போவேன். ஒரு முதுகு மட்டும், "பேனா எடுத்துக்கிட்டியாடி?" என்று கேட்கும்.

மீன் நானா ஒரு நாள் வளைவில் நின்று கேட்டாராம். "இன்னும் எத்தன நாளைக்கும்மா இப்புடி? எப்ப மீன் எடுப்பீங்க?"

"பூகோளம் ரெண்டாம் தாள் முடிஞ்சதும் வாங்க, நானா" என்றாராம் பாக்கியம் அக்கா.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை, முறைப்படி நடந்தது. அன்று பின்னேரம் பத்துக் காம்பராவிலும் ஒரே நேரத்தில் கடுகு வெடித்தது. லயமே இருமியது. புகையில் எனக்குக் கண்ணீர் வந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

இப்போது அந்த லயம் இல்லை. இடித்துவிட்டு எங்களுக்கெல்லாம் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். அம்மா அப்பாவின் வீட்டுக்கு நான்கு பக்கமும் மதில் இருக்கிறது, நான்தான் கட்டிக் கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமைதான். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று அம்மாவுக்கு இப்போது தெரிவதில்லை. பாக்கியம் அக்கா மகளோடு கொழும்புப் பக்கம் போய்விட்டார்.

"மிஸ்?" என்றார் கடைக்காரர். "யாருகிட்டருந்து மறைக்கணும்னு கேட்டேன்."

"ஒரு கேமராகிட்டருந்து" என்றேன். சில்லு வைத்த துணித் தட்டியைத் தந்தார். காற்றுக்கு அசையாது என்றார்.

நேற்றுக் காற்றில் அது விழுந்தது. நான் கோப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மாடி ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது, ஜன்னல் சாத்திக்கொண்டது. கேமராவின் சிவப்புப் புள்ளி மட்டும் என்னையும் விழுந்து கிடந்த தட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தது. யாராவது வருகிறார்களா என்று தேநீர் ஆறும் வரைக்கும் நானும் சும்மா இருந்து பார்த்தேன். பிறகு எழுந்து, கல் தேடிக்கொண்டு வந்து, தட்டியை நானே நிமிர்த்தி வைத்தேன்.