பெரியவாப்பாவுக்கு நடை பழக்கிய கதை

என் ஒன்பதாவது வயதில் ஓர் ஆளுக்கு நடை பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பத்து மாதத் தங்கச்சிக்கு அல்ல. அவள் யாரும் சொல்லித்தராமலே சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். வாப்பாவின் கூடப்பிறந்த மூத்த நானா, நாங்கள் பெரியவாப்பா என்று கூப்பிடுகிறவர், அவருக்குத்தான்.

தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே பகல் முழுக்க நின்ற காலில் வியாபாரம் செய்தவர் அவர். மறதி நோய் வந்த பிறகு மாத்தளையில் எங்களோடு இருந்தார். குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததும் எழும்பவே பயந்துபோனார். தூக்கி நிறுத்தினால் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து இரண்டடி வைப்பார். பிறகு எதற்காக எழும்பினோம் என்று யோசிக்கிறவர் போல நடுவீட்டில் நின்றுவிடுவார். இப்படியே விட்டால் ஆள் கட்டிலோடு கிடந்துவிடுவார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வாப்பாவுக்கு ஒரே ஆசைதான். நோன்புப் பெருநாள் தொழுகைக்கு நானா தன் காலாலேயே மைதானத்துக்கு வர வேண்டும். “சின்னதுல என்னக் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனவரு” என்று அடிக்கடி சொல்வார்.

பயிற்சி சொல்லித்தர வந்த மிஸ் ஒரு சிங்களப் பெண். நாற்காலியிலிருந்து எழும்ப வேண்டும், கைகளை உயர்த்த வேண்டும், நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கி நடக்க வேண்டும், தரையில் போட்ட கயிற்றைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். வாப்பா சிங்களத்தில் கேட்டதையெல்லாம் தமிழில் இன்னும் நீளமாக விளக்கினார். பெரியவாப்பா மரியாதையாகக் கேட்டு முடித்துவிட்டு, “சரி, லொறி வரட்டும்” என்றார். மிஸ் சிரித்துவிட்டார். விளக்கம் வேண்டாம், யாராவது முன்னால் நின்று செய்து காட்டினால் போதும் என்றார். அந்த நேரத்தில் வீட்டில் வேலையில்லாமல் நின்றது நான் ஒருத்திதான்.

முகத்தைப் பார்த்து நின்றால் அவருக்கு வலது இடது குழம்பியது. அதனால் முதுகைக் காட்டி நின்றேன். நான் எழும்பினால் அவரும் எழும்பினார். கைகளை உயர்த்தினேன். எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று திரும்பிப் பார்த்தால், மனிதர் காதுவரை கைகளை உயர்த்தி, பிறகு நெஞ்சுக்குக் கீழே கட்டிக்கொண்டு, பார்வையைத் தாழ்த்தி நிற்கிறார். கயிற்றைத் தாண்டி முடிந்ததும் தொழுகையை முடிக்கிறவர் போல வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை முகத்தைத் திருப்பி ஸலாம் கொடுத்தார்.

உம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். “அல்லாஹ்வே, பொம்புளப் புள்ளய இமாமாக்கிட்டாரே!”

முன்னால் நின்று ஆண்களுக்குத் தொழுகை நடத்துகிற இமாமாகப் பெண் நிற்கக் கூடாதாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் செய்தது பயிற்சி. அவர் செய்தது தொழுகை. ஒரே நேரத்தில் செய்த ஒரே காரியம் எப்படி இரண்டாகும்? பாவம் என்றால் அது யார் கணக்கில் சேரும்? உம்மா நாற்காலியை, தொழும் திசையான கிப்லாவுக்கு எதிராக, டீவியைப் பார்த்துத் திருப்பி வைத்தார். பெரியவாப்பா எழும்பி, மெல்ல மெல்லக் காலை மாற்றி வைத்து, தானே கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்புவதும் நல்ல பயிற்சிதான் என்று மிஸ் சந்தோஷப்பட்டார். பிறகு எனக்குப் பதிலாகத் தம்பியை நிறுத்திப் பார்த்தார்கள். அவன் கயிற்றைத் தாண்டிய வேகத்தில் வாசலையும் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டான். கடைசியில் வாப்பா பள்ளிவாசல் ஹஸரத்திடமே போய்க் கேட்டார். “அவருக்கு இப்பத் தொழுகை கடமை இல்ல. புள்ள செய்றது தொழுகையே இல்ல. கால் நல்லாவட்டும், விடுங்க” என்று அவர் சொல்லி அனுப்பினார். உம்மாவுக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. என் தலையில் ஒரு முக்காட்டைக் கட்டிவிட்டு, “எதுக்கும் ஈக்கட்டும்” என்றார்.

மற்றவர்களுக்கெல்லாம் கவலை அவருடைய காலைப் பற்றி. எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது. எனக்குப் பெயர் வைத்தவரே பெரியவாப்பாதான். அந்தப் பெயரை அவர் வாயால் கேட்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிந்ததும் திரும்பி நின்று, “நான் யாரு, பெரியவாப்பா?” என்று கேட்பேன். ஒருநாள் லொறி டிரைவரின் மகன் என்றார். இன்னொரு நாள் கணக்கப்பிள்ளை என்றார். ஒருநாள் என்னையே உம்மா என்று கூப்பிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். மறுநாளும் போய் முன்னால் நிற்பேன்.

நோன்பு தொடங்குவதற்குள் செருப்பு தேயும் சத்தம் நின்றுவிட்டது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. பெருநாளன்று புதுச் சாரமும் தொப்பியுமாக, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வழியில் ஸலாம் சொன்னவர்களுக்கெல்லாம் வாய் நிறையப் பதில் சொல்லிக்கொண்டு மைதானம்வரை நடந்தே வந்தார். வாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நடந்ததை வாப்பா பிறகு சொன்னார். ஆண்களின் கடைசி வரிசையில் நானாவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆனால் தொழுகையைத் தொடங்கித் தக்பீர் கட்டக் கையை உயர்த்தினால் பிடித்த கையை விட வேண்டுமே. விட்டார். பெரியவாப்பா வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். பிறகு வரிசையை விட்டு வெளியே நடந்தார். தொழுகையை இடையில் விட்டுவிட்டுப் பின்னால் போக முடியாமல் வாப்பா தவித்திருக்கிறார்.

பெண்களுக்குத் துணி மறைத்துக் கட்டிய ஓரத்தில், கடைசி வரிசையில் நான் நின்றுகொண்டிருந்தேன். பெருநாள் தொழுகையில் வழக்கத்தை விட அதிக முறை கைகளை உயர்த்த வேண்டும். உயர்த்திக்கொண்டிருக்கும்போதே பின்னால் புல்லில் அந்தக் காலடிச் சத்தம் கேட்டது. எனக்குத் தெரியாத சத்தமா? துணி மறைப்பைச் சுற்றி வந்து, நேரே என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

உம்மா அன்று தொழவில்லை. தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். இப்போது கத்தப்போகிறார் என்று பயந்தேன். “திரும்பாத. அப்புடியே நில்லு” என்றது அவருடைய குரல், மெதுவாக. கதிரை புல்லில் இழுபடுவது கேட்டது. நான் கைகளை உயர்த்தினேன். நான் தொழுகிறேனா, பயிற்சி செய்து காட்டுகிறேனா என்று எனக்கே குழம்பிப்போனது. நான் நெற்றியைத் தரையில் வைக்க ஸுஜூதுக்குப் போனபோது பின்னால் கதிரை கிரீச்சிட்டது. எழும்பியபோது அவரும் எழும்பினார்.

ஸலாம் கொடுத்து முடித்துத் திரும்பினேன். உம்மாவின் கதிரையில் பெரியவாப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வழக்கம்போலக் கேட்டேன்.

“நான் யாரு, பெரியவாப்பா?”

முக்காட்டிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தார். “முன்னுக்கு நிக்கிற புள்ள” என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் பாடுபட்டும், பெருநாளன்றுகூட அந்தப் பெயர் வரவில்லையே! அதற்குள் வாப்பா செருப்பில்லாமல் ஓடி வந்துவிட்டார். ஏன் அழுகிறாய் என்று கேட்டார். “பெரியவாப்பாவுக்கு என்னத் தெரியல்ல” என்றேன். வாப்பா திரும்பி அந்த மைதானத்தைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தலைகளும் முதுகுகளும்தான். அத்தனையையும் விட்டுவிட்டுத்தான் பெரியவாப்பா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அவரும் அழத் தொடங்கினார்.

எனக்குப் பாவமாக இருந்தது. “அழாதீங்க வாப்பா, ஒங்களயும்தான் அவருக்குத் தெரியாது” என்று அவரைத் தேற்றினேன்.