கிளிப்பச்சை நூல்

கப்பலில் வலையை இறக்கி ஏற்றும் விஞ்ச் ஆளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் கிளி அண்ணன். காரணம் அவருடைய ஸ்வெட்டர். அந்தப் பச்சையைத் தூரத்திலிருந்து பார்த்தால் எதிரே வரும் கப்பல்காரன் பச்சை விளக்கு போட்டு வழி விட்டாச்சு என்று நேராக வந்து மோதிவிடுவான். மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. குளிக்கவும் துவைக்கவும் மட்டும் கழற்றுவார், அதுவும் மனசில்லாமல்.

நடுக்கடலில் பிளாஸ்டிக் தேடுகிற கப்பல் அது. கண்ணுக்குத் தெரியாத துணுக்குக்கும் கணக்கு உண்டு. மெல்லிய வலையில் சிக்கியதைக் குப்பியில் பிடித்து ஆராய்ச்சி மேடம் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அதனால் வலைப்பக்கம் வருகிறவர்கள் பிளாஸ்டிக் நூல் உதிர்க்கும் பாலியெஸ்டர் துணி போடக்கூடாது, வெள்ளைப் பருத்திக் கோட்டுதான் என்று சட்டம். கிளி அண்ணனும் கோட்டுப் போட்டார். ஆனால் மேல்தளத்துக் குளிரில் பல்லோடு சேர்ந்து முழங்காலும் தந்தியடித்ததால், உள்ளே அந்தப் பாலியெஸ்டர் ஸ்வெட்டரும் இருந்தது. அதன் கை ஒரு சாண் மட்டும் கோட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. ஒரு சாண்தானே என்று விட்டுவிட்டார். அந்தக் கையால்தான் தினமும் வலையை அலசினார்.

ஒருநாள் மதியம் மேடம் சாப்பாட்டு அறைக்கு ஓடி வந்தார். ஆள் நடமாட்டமே இல்லாத இந்தக் கடல் மூலையில், எடுத்த குப்பியிலெல்லாம் பச்சை நூல் கிடக்கிறதாம். எந்தக் கரையிலிருந்து, எந்த நீரோட்டத்தில் வந்தது என்று பிடித்துவிட்டால் பெரிய விஷயமாம். சாயங்காலம் அறிக்கை போகிறதாம். எல்லோரும் கைதட்டினார்கள். கிளி அண்ணனும் தட்டினார். தட்டும்போதுதான் தன் மணிக்கட்டைப் பார்த்தார். வாயிலிருந்த கவளம் சிமெண்ட் ஆகிவிட்டது.

சமையல்காரரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவர் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் யோசனை சொன்னார்.

"கடல்ல தூக்கிப் போட்டுடுங்கண்ணே. சாட்சியே இருக்காது."

நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. தளத்தின் ஓரத்துக்குப் போய், கம்பிக்கு வெளியே ஸ்வெட்டரை நீட்டவும் செய்தார். கீழே வலை மிதந்துகொண்டிருந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அந்த ஸ்வெட்டர் அப்போது நங்கூரத்தை விடக் கனத்தது.

ஆய்வறைக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று ஸ்வெட்டரை நீட்டினார்.

"மேடம், நீங்க தேடற நீரோட்டம் இதுதான்."

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். சின்ன இடுக்கியால் ஒரு நூலைப் பிடுங்கிப் போய் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். குப்பியில் கிடந்ததும் இதுவும் ஒரே நூல்தான்.

"வலைக்குப் பக்கத்துல ஈரத்தாள் போட்டு ஒரு தட்டு வைப்பேன்ல, காத்துல வந்து விழறதைப் பிடிக்கறதுக்குன்னு? அதுலயும் பச்சை இருந்துச்சுண்ணே, அப்படின்னா கடல்லேர்ந்து இல்ல, கப்பல்லேர்ந்து வந்ததுதான். பாத்தேன். ஆசையில பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

ரெண்டு பேருக்கும் தலை குனிய ஒரே தரைதான் இருந்தது.

பிறகு மேடம் ஒவ்வொரு குப்பியாகப் பச்சையைக் கழித்தார். அறிக்கை போகவில்லை. கிளி அண்ணன் வாசலிலேயே நின்றார்.

"மிச்சம் ஏதாவது இருக்கா மேடம்?"

"இருக்கே. நீலம், சிவப்பு, கறுப்பு."

"அது யாரோடது?"

"யாரோ எங்கேயோ துணி துவைச்சிருக்காங்க. தண்ணி இங்க வந்துருச்சு."

ஞாயிறுதோறும் தான் ஸ்வெட்டரைத் துவைத்து, நுரைத் தண்ணீரைக் கடலுக்குப் போகும் கப்பலின் கழிவுக் குழாயில் ஊற்றியதெல்லாம் அவருக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. ஸ்வெட்டரை உதறாமல், கைக்குழந்தையைத் தூக்குவதுபோல மெதுவாக மடித்தார்.

"அப்ப இதை இனிமே நான் எங்க மேடம் துவைக்கறது?"