மன்சூர் நானா ஏற்றுக்கொண்ட பிழை

போன செவ்வாய்க்கிழமை காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மன்சூர் நானாவின் இலக்கம். மாதத்தில் ஒருமுறை எடுத்து விசாரிப்பது அவருடைய பழக்கம். ஈரக்கையோடு எடுத்து, "கார் ஓடுது நானா, ஒரு கரைச்சலும் இல்லை" என்றேன்.

மறுபக்கம் ஒரு பெண்குரல். "ரீச்சர், நான் அவர்ட மகள் பர்ஹானா. வாப்பா சுபஹுக்கு மவுத்தாப் போயிட்டார். அவர்ட போன்ல இருக்கிற எல்லாருக்கும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கன்."

அன்று விடியற்காலைத் தொழுகை நேரத்தில் அவர் இறந்திருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு இன்னும் எத்தனையோ பேருக்குச் சொல்ல இருந்தது. வைத்துவிட்டாள்.

திருகோணமலையில் பழைய கார் வைத்திருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. துறைமுகப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் அவருடைய கராஜ் இருந்தது. வீடு கிண்ணியாவில். பாலம் வருமுன் துறையில் காத்து நின்று படகேறி வந்தார்; பாலம் வந்தபின் மோட்டார் சைக்கிளில் வந்தார். வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் அதைப் பார்க்க மாட்டார். "நீங்க எங்க போகோணும்?" என்றுதான் கேட்பார். ஒருமுறை மூதூரில் எனக்குப் பரீட்சை மேற்பார்வை. வழியில் கார் இருமத் தொடங்கியதால் அவரிடம் போனேன். கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு தன் வானை எடுத்தார். "கார் நாளைக்கும் இங்கதான் கிடக்கும் ரீச்சர், சோதினை கிடக்காது" என்று சொல்லி என்னை மண்டப வாசலில் இறக்கிவிட்டுத்தான் திரும்பினார்.

நான் எழுத வந்தது வேறொரு நாளைப் பற்றி.

இரண்டு வருடங்களுக்கு முன் என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்திருந்தன. வாரத்தில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க சாம்பல்தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். கால் வீங்கி, நிமிர்ந்து இருக்க ஏலாத நிலை. காரின் பின் இருக்கையில் தலையணை வைத்துச் சரித்துக் கொண்டுபோவதுதான் வழக்கம். அன்று காலை சாவியைத் திருப்பினேன். இயந்திரம் சுழன்றது, பற்றவில்லை. பின் இருக்கைக்கு அடியிலிருந்து வழக்கமாக வரும் மெல்லிய இரைச்சலும் இல்லை. தொலைபேசியில் சொன்னதும், "பெற்றோல் பம்ப் நிண்டுட்டு. வாறன்" என்றார்.

வந்தவுடன் பற்றரி வயரைக் கழற்றினார். கதவுகள் எல்லாவற்றையும் திறந்து வைத்தார். குசினியில் அடுப்பை அணைக்கச் சொன்னார். பின் இருக்கையைத் தூக்கி வெளியே வைத்து, அதன் கீழிருந்த தகட்டைக் கழற்றியதும் பெற்றோல் தாங்கியின் வாய் தெரிந்தது. பம்பை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்பு வளையம் துருவேறிக் கிடந்தது. பொறி பறக்கக் கூடாதென்று பித்தளைத் துண்டொன்றை வைத்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டி அதைச் சுழற்றி எடுத்தார். பம்ப் மட்டும் அசையவில்லை. பெற்றோல் வரிசைக் காலத்தில் மாதக்கணக்காக ஓடாமல் நின்ற கார் அது. உள்ளே இருந்த ரப்பர் ஊதி, பம்பைக் கவ்விக்கொண்டிருந்தது.

"இதுக்கு நேரம் எடுக்கும். ஓட்டோவுக்குச் சொல்லுங்க ரீச்சர்" என்றார்.

சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்து ஓட்டோக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருகோணமலை ரவுணுக்குப் போயிருந்தார். விறாந்தைக் கதிரையில் என் கணவர் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் ஓடுவதும் காரிடம் ஓடுவதுமாக இருந்தேன். மன்சூர் நானா பம்பை விரல்களால் பிடித்து இம்மி இம்மியாக அசைத்துக்கொண்டிருந்தார். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுமை போனது.

"இழுத்து எடுங்கோ நானா!"

"இழுத்தா பம்ப்ட மூடி உடையும் ரீச்சர். துண்டு தாங்கிக்குள்ள விழும். கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்க ஏலாது! அவருக்கு மூச்சு முட்டுது, தெரியேல்லையே? உடைஞ்சால் உடையட்டும். இழுங்கோ எண்டால் இழுங்கோ!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

ஓடு முறிந்ததுபோல் ஒரு சத்தம். மூடி மட்டும் கையோடு வந்தது. பம்ப் இருந்த இடத்திலேயே இருந்தது. உடைந்த துண்டுகள் உள்ளே விழுந்தன.

"என்ன சத்தம்?" என்று விறாந்தைக் கதிரையில் கண்ணயர்ந்து கிடந்த என் கணவர் திடுக்கிட்டு விழித்துக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மன்சூர் நானா சொன்னார். "என்ட கைப்பிழை சேர். அவசரப்பட்டுட்டன்."

"இவ்வளவு வருஷம் வேலை செய்து இதுகூடத் தெரியாதோ உமக்கு?" என்று தொடங்கி, மூச்சு இருந்த மட்டும் அவர் ஏசினார். மன்சூர் நானா தலையைக் குனிந்து நின்று கேட்டார். நானும் நின்று கேட்டேன்.

ஓட்டோ வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் முறை தாண்டியிருந்தது. பின்னேரம் வரை காத்திருந்து அரைகுறையாகத்தான் செய்ய முடிந்தது. மன்சூர் நானா மறுநாள் வந்து தாங்கியையே கீழே இறக்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கிண்ணியாவில் உடைத்துப் போட்டிருந்த கார் ஒன்றிலிருந்து ஒரு பம்பைத் தேடிக் கொண்டுவந்து பூட்டினார். நாலாம் நாள் கார் ஓடியது.

ஆனால் என் கணவர் அந்தக் கதையை விடவில்லை. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் வாங்கில் பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் சொன்னார். எங்கள் ஊரில் ஒருவர் அதைக் கேட்டுத் தன் வானை வேறு கராஜுக்குக் கொண்டுபோனார். எனக்குத் தெரியும். இழுக்கச் சொன்னது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சாப்பாடு, மருந்து, குளிப்பு என்று எல்லாவற்றுக்கும் என் கையை எதிர்பார்த்திருந்த மனிதர், என்னை வெறுத்துவிட்டால் யாரிடம் போவார் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், எனக்குப் பயம்.

கடைசியில் கராஜுக்குப் போய், "நான் அவரிட்ட உண்மையைச் சொல்லப் போறன் நானா" என்றேன்.

"விடுங்க ரீச்சர். சேருக்குக் கோவப்பட ஒரு ஆள் வேணும். உடம்பில வந்த வருத்தத்தோட கோவப்பட ஏலாதே. உங்களோட கோவப்பட்டா வீடு என்னாகும்? என்னோட கோவப்பட்டுட்டுப் போகட்டும்."

அடுத்த வைகாசியில் என் கணவர் இறந்தார். செத்த வீட்டுக்கு மன்சூர் நானா காலையிலேயே வந்து, லொறியிலிருந்து கதிரைகளை இறக்கிக்கொண்டு நின்றார். கணவரின் நண்பர்கள் சிலர் அவரைக் காட்டி, "இவர்தானே அந்த மெக்கானிக்" என்று பேசியது என் காதில் விழுந்தது. அன்றும் நான் எழுந்து ஒரு சொல் சொல்லவில்லை. எட்டுச் சடங்கு முடியட்டும், முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி முடியட்டும் என்று நாட்களைத் தள்ளினேன்.

செவ்வாய்க்கிழமை பகல் கிண்ணியாவுக்குப் போனேன். பர்ஹானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரீச்சர்ட கார்ல என்ட கை பிழைச்சுப் போச்சு, அந்த மனிசனுக்கு அண்டைக்கு நேரத்துக்குப் போக ஏலாமப் போச்சு எண்டு வாப்பா எங்களிட்டையும் சொல்லுவார். நீங்க அவர்ட பிழையைப் பொறுத்துக்கொள்ளோணும் ரீச்சர்" என்றாள்.

தன் வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கடைசியில் அவரே நம்பிவிட்டாரா? இனி யாரிடம் கேட்பது? "இல்லை பிள்ளை" என்று தொடங்கினேன். அதற்குள் ஜனாஸாவை எடுக்கும் நேரம் வந்து வீடு முழுக்க அழுகை எழுந்தது. அவளை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். நான் முற்றத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

ஆகவே பர்ஹானா, இதை வாசி. உன் உம்மாவுக்கும் வாசித்துக் காட்டு. அவரிடம் வாகனம் கொடுத்தவர்களும், கொடுக்காமல் விட்டவர்களும் வாசிக்கட்டும். உன் வாப்பாவின் கை பிழைக்கவில்லை. பொறுங்க என்றவர் அவர். இழுங்கோ என்று கத்தியவள் நான். என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவர்கள் நீங்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பிழைதான். இரண்டு வருடம் அதை அவர் சுமந்தார். இனி என்னிடம் இருக்கட்டும்.