கிழிபடாத கரடி

"அந்தப் போர்வையில இருக்கிற கரடிக்குக் கண்ணு ரெண்டும் நான் நெய்தது. அதை வித்துட்டு என்னத்தடா வாரிக் கட்டிக்கப் போற, சைலஸ்?"

சாந்தாஸ் போட்ட சத்தம் ஆற்றுக்கு அந்தக் கரை வரை கேட்டிருக்கும். நான் பக்கத்து வீடு. மீனைக் காயப்போட்டுக்கொண்டே கேட்டேன். சைலஸ் அவள் செத்த புருஷனுக்கு அக்கா மகன். அலாஸ்காவில் எங்கள் ஊரான க்ளுக்வானில் மாமன் செத்தால் வீடு, பெட்டி, போர்வை எல்லாம் மருமகனுக்குத்தான்.

"கப்பல்ல வந்த துரை நல்ல விலை சொல்றாரு, அத்தை. மோட்டார் படகு வாங்கலாம்."

"உங்க மாமன் செத்துப் போன இடத்துல படகையா போத்திக்குவாரு?"

மலையாட்டு மயிரையும் மரப்பட்டை நாரையும் தொடையில் வைத்துத் திரித்துத் திரித்து அவள் தொடை செருப்புத் தோலாகிவிட்டது. "பக்கத்துல படுத்தா பட்டை உறுத்துதுடி" என்பானாம் புருஷன். போர்வையில் இருந்த கரடி அவன் குலத்துச் சின்னம். நானும் சாந்தாஸும் எதிர்ப் பக்கம், அண்டங்காக்கைக் குலம். கரடியை நாங்கள் நெய்யலாம், போர்த்தக் கூடாது. நினைவு விருந்தில் அவன் குலத்தார் அந்தப் போர்வையைத் துண்டு போட்டு, அவன் பேரைச் சொல்லி எங்களுக்குத் தர வேண்டும். அப்போதுதான் அது அவனிடம் போய்ச் சேரும். இல்லாவிட்டால் அவன் குளிரில்தான் கிடப்பான். பெண்டாட்டி கொடுத்தால் வெறும் துணி.

சைலஸ் விற்றுவிட்டான். முழுசாக.

விருந்தன்று ஆளுக்கு ஒரு முழம் சீட்டித் துணியும் ரொட்டியும் கொடுத்துக்கொண்டு வந்தான். சாந்தாஸ் எழுந்து போய், அக்குளில் இடுக்கியிருந்த கம்பளியை அவன் மடியில் போட்டாள். கப்பல்காரர்களுக்குத் தோல் செருப்பு தைத்து விற்ற காசில் வாங்கியது.

"கிழி. அவரு பேரைச் சொல்லு."

"இது நீங்க வாங்கினது, அத்தை. செல்லுமா?"

"உனக்குக் கொடுத்துட்டேன், இப்ப உன்னது. வெக்கத்தை அப்புறமாப் படு. முதல்ல கிழி."

பேரைச் சொல்லிக் கிழித்தான். எனக்கு ஒரு கீற்று வந்தது, அவளுக்கும் ஒன்று. அவள் அதை முகர்ந்து பார்த்தாள்.

"ஆட்டு வாசனையே இல்ல. என் கைன்னு அந்த ஆளு நம்பவே மாட்டாரு" என்றாள்.

எப்படி நம்புவான்? கடைக் கம்பளி, சாம்பல் நிறம், நாலு டாலர்.